மாமா விட்டுச்சென்ற ஆர்எக்ஸ்-7: கொட்டகையில் ஏழு ஆண்டுகள்

சிந்துபூந்துறையிலிருந்து

என் தாய்மாமா சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு 1990-களின் நடுவில் ஊர் திரும்பியபோது, சுங்க வரி கட்டிக் கொண்டுவந்த வண்டி 1989-ஆம் ஆண்டின் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 டர்போ. அந்தக் காரை மாஸ்டா நிறுவனம் இந்தியாவில் விற்றதே இல்லை என்பதால், உதிரிப் பாகமும் கிடைக்காது, கை வைத்துப் பழகிய மெக்கானிக்கும் கிடையாது. மாமா 2003 வரை ஓட்டினார். பிறகு ஆற்றை ஒட்டிய எங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்தினார். 2018-இல் அவர் காலமான பின்பு அத்தை சாவியை என் கையில் கொடுத்தார்.

நின்றுபோன எஞ்சினை எழுப்ப நான் செய்த முதல் காரியத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. புது பேட்டரி மாட்டி, டேங்கில் ஐந்து லிட்டர் பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட்டரை விடாமல் சுழற்றினேன். இது ரோட்டரி எஞ்சின், இதில் பிஸ்டன் கிடையாது. இடுப்புச் சிறுத்த முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோண ரோட்டர் ஒன்று சுழல்கிறது. அதன் மூன்று முனைகளிலும் இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள ஏபெக்ஸ் சீல்கள் கூட்டின் சுவரை உரசிக்கொண்டே போகின்றன. பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் சுவரில் படிந்த எண்ணெய்ப் படலம் கழுவிப் போய்விடும். படலம் போனால் சீல் அடைக்காது. சீல் அடைக்காவிட்டால் அழுத்தம் வராது. அழுத்தம் இல்லாமல் வண்டி எடுக்கவே எடுக்காது. இது தெரியாமல் நண்பரின் பொலிரோவில் கயிறு கட்டி இழுக்கவும் செய்தோம். ஐம்பது அடி போவதற்குள் உள்ளே சொடுக்கென்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, முன்புறப் புல்லியைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்த்திருந்தால் அந்தச் சத்தத்தைத் தவிர்த்திருக்கலாம்.

எஞ்சினை இறக்கிப் பிரித்தபோது அது டிபன் கேரியர் போன்றது என்று அம்மா சொன்னார். அதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. முன்பக்க இரும்புத் தட்டு, ஒரு ரோட்டர் கூடு, நடு இரும்புத் தட்டு, இன்னொரு கூடு, பின்பக்கத் தட்டு என ஐந்து அடுக்குகள். எல்லாவற்றையும் ஊடுருவிப் பிடித்திருப்பவை நீளமான போல்ட்டுகள். ஓர் அறைக்கு 654 சிசி வீதம் இரண்டு அறைகளுக்கு 1308 சிசி. எங்கள் ஊரில் ஓடும் சின்னக் கார்களின் கொள்ளளவுதான். ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஊதும் டர்போவின் துணையோடு ஏறத்தாழ 200 குதிரைத்திறனைத் தருவது. பின்கூட்டின் உட்சுவரில் ஒரு நீண்ட கோடு விழுந்திருந்தது. 1960-களில் மாஸ்டாவின் பொறியாளர்கள் தங்கள் சோதனை எஞ்சின்களில் கண்ட அதிர்வுத் தடங்களைச் சாத்தானின் நகக்கீறல் என்று சொன்னார்களாம். என்னுடையதில் சாத்தானுக்கு வேலையே இல்லை. துருப்பிடித்து ஒட்டியிருந்த சீல் ஒன்றின் உடைந்த முனையை நானே இழுத்து விட்டிருந்தேன்.

எஞ்சின் ரீகண்டிஷன் செய்யும் ஒருவரிடம் கூட்டைக் காட்டியபோது, போர் செய்து, அதாவது உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் போட்டுவிடலாம் என்று அவர் அடித்துச் சொன்னார். அம்பாசிடர் தொடங்கி டிராக்டர் வரை நாம் கண்டு வளர்ந்த வழி அதுதான் என்பதால் நானும் தலையாட்டிவிட்டேன். நல்லவேளையாக, வேறொரு வேலைக்காகப் பேட்டையில் உள்ள லேத் பட்டறை அண்ணாச்சியிடம் அதை எடுத்துச் சென்றிருந்தேன். அவர் கூட்டின் உட்புறத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இது குரோம் பூச்சுல்லா, இதுல டூல் வச்சா எல்லாம் போச்சுவே. வட்டமாவும் இல்ல, எப்படிப் பிடிக்க?" என்றார். கூட்டின் அலுமினியத்துக்குள் ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் மெல்லிய குரோம் பூச்சு. வட்டமல்லாத அந்த வளைவைக் கடைந்து பெரிதாக்க முடியாது, பெரிதாக்கினாலும் அதற்குப் பொருந்தும் பெரிய ரோட்டர் இல்லை. கூட்டை மாற்றுவது ஒன்றே வழி. சிங்கப்பூரில் மாமாவோடு வேலை பார்த்தவர் மூலம் பழைய, ஆனால் தேய்மானம் குறைந்த கூடு ஒன்று வந்து சேரப் பதினான்கு மாதங்கள் ஆயின. எதை நம் ஊர்க் கைகளிடம் துணிந்து கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்று பிரித்தறிவதில்தான் இந்த ஏழு ஆண்டுகளில் பாதி போயிற்று.

கொடுத்தவற்றில் முதன்மையானது ரேடியேட்டர். அசலில் பிளாஸ்டிக் தொட்டி வெடித்திருந்தது. உள்ளே, யாரோ ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை ஊற்றியிருந்ததால் சுண்ணாம்பு கட்டியிருந்தது. திருநெல்வேலி சந்திப்பு அருகே லாரி ரேடியேட்டர்களுக்கு ஈயம் பற்றவைக்கும் பெரியவர் செம்புக் கோரும் பித்தளைத் தொட்டியுமாக, அசலைவிட ஒரு விரற்கடை தடிமனாகச் செய்து கொடுத்தார். ரோட்டரி எஞ்சின் வெப்பத்தை நிறையவே வெளித்தள்ளும். சித்திரை வெயிலில் ஒருமுறை சூடு மீறினால் அடுக்குகளுக்கு இடையிலுள்ள குளிர்நீர் ரப்பர் வளையங்கள் கருகி, நீர் எரியறைக்குள் கசியும். ஆகவே அந்தத் தடிமன் எனக்கு அழகைவிட முக்கியமானது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்து, காரின் இருக்கை வரை நின்றது. கதவுகளின் அடிப்பகுதி, தரை விரிப்பு, வயரிங் எல்லாவற்றிலும் வண்டல். ஆனால் எஞ்சினின் பாகங்கள் அனைத்தும் மாடியில், அம்மாவின் எவர்சில்வர் தாம்பாளங்களில், துணி மூடிச் சீட்டு ஒட்டிக் கிடந்தன. அவற்றை எடுத்துச்செல்லும்படி இரண்டு ஆண்டுகளாக அம்மா என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். வெள்ளம் வடிந்த பிறகு திட்டுவது நின்றது. வண்டலைக் கழுவி, ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துத் துடைத்து உலர்த்த ஐந்து மாதங்கள் பிடித்தன.

அடுக்கும் வேலையில் என்னை வாட்டியவை பக்கவாட்டுச் சீல்கள். ரோட்டருக்கு ஆறு வீதம் பன்னிரண்டு. ஒவ்வொன்றின் நுனியையும் அராவி, மூலைச் சீலுக்கும் அதற்கும் இடையே 0.05 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும்படி ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். ஒரு மாலைக்கு ஒன்றுக்கு மேல் நான் செய்யவில்லை.

பேட்டையிலிருந்து

மேலே சொல்லப்பட்ட லேத் பட்டறை அண்ணாச்சி என் தந்தை. அவர் எழுதும் பழக்கமில்லாதவர் என்பதால் நான் எழுதுகிறேன். கூடு வந்தது இரண்டாவது முறை. முதல் முறை சிந்துபூந்துறைக்காரர் வந்தது, எஞ்சினின் பின்புறம் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலின் நட்டுக்காக. அது 54 மில்லிமீட்டர் நட்டு. முறுக்கியிருந்த விசைக்குச் சாதாரண ஸ்பேனர் எதுவும் அசைக்காது. புதிதாக ஒரு சாக்கெட் கடைந்து தரும்படி கேட்டார். அப்பா எதுவும் கடையவில்லை. பக்கத்து லாரி பட்டறையில் ஹப் நட்டுக்கு வைத்திருந்த பாக்ஸ் ஸ்பேனரை வாங்கி, ஆறடி ஜி.ஐ. பைப்பை மாட்டிக் கொடுத்தார். கூலியும் வாங்கவில்லை. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் தண்டு மூன்று சுற்று சுற்றும் என்பதை அப்பா நம்ப மறுத்து, கடைசியில் சாக்பீஸால் கோடு போட்டு, கையால் சுழற்றி எண்ணிப் பார்த்த பிறகே டீ குடிக்கப் போனார்.

தென்காசியிலிருந்து

ஷார்ஜாவில் ஒரு பட்டறையில் இருந்தபோது இதற்கு அடுத்த தலைமுறை ஆர்எக்ஸ்-7 இரண்டைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் டர்போ இரண்டு. குறைந்த வேகச் சுழற்சியில் முதலாவது மட்டும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 4500 சுழற்சிக்கு மேல் இரண்டாவதும் சேர்ந்து ஊதும். அந்த மாற்றத்தை நடத்துபவை கட்டுக்கட்டான வெற்றிடக் குழாய்கள். பாலைவன வெயிலில் குழாய்கள் விறைத்து ஒன்று விட்டுப்போனாலும் இரண்டாவது டர்போ வேலை செய்யாது. எது என்று தேட இரண்டு நாள் ஆகும். உங்களுடையது ஒற்றை டர்போ என்பதே பாதி நிம்மதி. ஆனால் பெட்ரோல் குழாய்களை மறந்துவிடாதீர்கள். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை 1989-இன் ரப்பர் தாங்காது.

சிந்துபூந்துறையிலிருந்து, மீண்டும்

பேட்டைத் தம்பி சொன்னதே சரி. ஃப்ளைவீல் நட்டைக் கழற்றிய அந்த ஸ்பேனர் லாரிக்காரருடையதுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன். டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாக் குழாய்களையும் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றியாயிற்று. சீல்களுக்கு எண்ணெய் தரும் மீட்டரிங் பம்பை முழுதாக நம்பாமல் பெட்ரோலிலும் கொஞ்சம் டூ-டி ஆயில் கலக்கிறேன். அதை வாங்கப் போனபோது, இன்னுமா டிவிஎஸ் 50 வைத்திருக்கிறீர்கள் என்று பங்கில் கேட்டார்கள்.

சென்ற மாதம் அழுத்தச் சோதனை செய்தேன். மாஸ்டா குறிப்பிடும் கீழ் எல்லை சதுர சென்டிமீட்டருக்கு 6 கிலோ. என்னுடைய முன் ரோட்டரின் மூன்று முகங்களும் 7-ஐத் தாண்டின, பின் ரோட்டரில் ஒரு முகம் மட்டும் 6.8. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினேன். நான்காவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. முதல் இரண்டு நிமிடம் உள்ளே பூசியிருந்த எண்ணெய் எரிந்து தெருவே வெண்புகையானது, எதிர்வீட்டு ஆச்சி தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்துவிட்டார். பதிவைப் புதுப்பிக்கும் வேலை மிச்சம் இருப்பதால் வண்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. தினமும் மாலையில் இருபது நிமிடம் ஓடவிட்டு, அணைக்கும் முன் டர்போ ஆறுவதற்காக ஒரு நிமிடம் சும்மா நிற்க வைக்கிறேன். பின் ரோட்டரின் அந்த 6.8 ஏறுகிறதா என்று ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு அளந்து இங்கே எழுதுகிறேன்.