சமீபத்திய ஆம்பியன்ட் (தாளமும் மெட்டும் முன்னால் நிற்காமல், சூழல் போலப் பரவும் இசை) ஆல்பங்களில் உங்களைக் கட்டிப்போட்டது எது?

எனக்கு அமெரிக்க இசைக் கலைஞர் லாரல் ஹேலோவின் ‘அட்லஸ்’ (2023). டெக்னோ என்கிற தாளம் மிகுந்த மின்னணு நடன இசைப் பக்கம் நிறைய வேலை செய்தவர் என்பதால் எங்காவது தாளம் வரும் என்று காத்திருந்தேன். வரவே இல்லை. பியானோ வாசிப்பைப் பதிவு செய்து, அதன்மேல் செலோ, வயலின், சாக்ஸபோன், மின்னொலி என்று அடுக்கடுக்காகப் போர்த்தி வைத்திருக்கிறார். பியானோ எங்கே கரைகிறது, லூசி ரெயில்டனின் செலோ எங்கே எழுகிறது என்று காதால் பிரிக்க முடியவில்லை. ஸ்பீக்கரில் ஒரே மூட்டமாகக் கேட்டது, ஹெட்ஃபோன் போட்டதும் பல தளங்களாக விரிந்தது. அப்புறம் ‘பெல்வில்’ என்ற பாட்டு வந்தது. அதுவரை புதைந்து கிடந்த பியானோ தெளிவாக முன்னால் வந்து நிற்கிறது. கோபி சேயின் குரலும் கொஞ்ச நேரம் சேர்ந்துகொள்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாட்டை மட்டும் தனியாகப் போட்டால் இது நடக்காது. முன்னால் உள்ளவற்றைக் கேட்டுவிட்டு அங்கே வந்து சேர வேண்டும்.

*

என் பதில் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூச்சி சாகமோட்டோவின் ‘12’ என்ற ஆல்பம். புற்றுநோய் சிகிச்சைக்கு நடுவே, 2021, 2022 ஆண்டுகளில், நாட்குறிப்பு எழுதுகிற மாதிரி சின்தசைசரிலும் பியானோவிலும் பதிவு செய்தவை. ஒவ்வொன்றுக்கும் பதிவு செய்த தேதிதான் தலைப்பு. 2023 ஜனவரி 17 அன்று, அவருடைய 71ஆவது பிறந்தநாளில் வெளியானது.

இதில் அவர் மூச்சு விடுவது கேட்கிறது. சுத்தம் செய்கிறேன் என்று அதை நீக்கியிருக்கலாம், நீக்கவில்லை. நல்லவேளை! ஸ்வரங்களுக்கு இடையே நீண்ட இடைவெளிகள். அந்த இடைவெளியில் மூச்சு. அதே ஆண்டு மார்ச் 28 அன்று அவர் காலமானார். அந்தச் செய்தி வந்த இரவு மறுபடி போட்டேன். பாதியில் எழுந்து நடக்க வேண்டியிருந்தது, திரும்ப வந்து முழுக்கக் கேட்டேன். ஆம்பியன்ட் என்றால் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பது பலருக்குப் பழக்கம். இதற்கு அப்படி வைக்காதீர்கள், மூச்சு காணாமல் போய்விடும்.

*

மேலே இரண்டு பேரும் மென்மையான பக்கம் போய்விட்டீர்கள். என் பதில் கனடா இசைக் கலைஞர் டிம் ஹெக்கரின் ‘நோ ஹைஸ்’, அதுவும் 2023தான். தந்திக் குறியீடு போல ஒரு துடிப்பு விட்டுவிட்டு வரும், அடியில் ஒரு பதற்றம் தீரவே தீராது. காலின் ஸ்டெட்சனின் சாக்ஸபோன் வேறு உண்டு. இரவுப் பயணத்தில் கேட்டேன், கண்ணை மூட விடவில்லை. ஆம்பியன்டைத் தூக்க மருந்தாக மட்டும் விற்கிற இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆல்பம் தேவைப்பட்டது. தூங்குவதற்கு இசை தேடுகிறவர்களுக்கு இது சரிப்படாது.