அட்மிஷனிலேயே ஸ்வாப்: சின்ன ஆஸ்பத்திரியில் யாருக்கு, எப்படி?

சிஸ்டர், தண்டையார்பேட்டை:
60 படுக்கை ஆஸ்பத்திரி, அதில் 8 ஐசியூ, டயாலிசிஸும் உண்டு. ஐசியூவில் தனி அறை ஒன்றே ஒன்றுதான். வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து நர்ஸிங் ஹோம்களிலிருந்து மெரோபெனம் (வலுவான ஆன்டிபயாடிக்) ஏற்றிய பிறகு அனுப்பப்படும் நோயாளிகள் நிறைய. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி உடம்பில் தங்கியிருக்கிறதா என்று பார்க்க, அட்மிஷன் ஆகும் எல்லாருக்கும் ஸ்வாப் (பஞ்சுக் குச்சி சாம்பிள்) எடுக்கலாமா என்று நிர்வாகம் கேட்கிறது. லேப்பில் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) போடுவார்கள், பிசிஆர் கிடையாது. ரிசல்ட் வரும்வரை படுக்கையை என்ன செய்வது?

மைக்ரோபயாலஜி, பெரம்பூர்:
எல்லாருக்கும் வேண்டாம் சிஸ்டர். லேப் திணறும், ரிசல்ட் தாமதமாகும், கடைசியில் யாரும் பார்க்க மாட்டார்கள். ஐசியூவுக்கு வருகிறவர்கள், வேறு ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றலானவர்கள், கடந்த ஓராண்டில் உள்நோயாளியாக இருந்தவர்கள், டயாலிசிஸ், டிரக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் போட்ட துளை), நீண்ட நாள் கதீட்டர் உள்ளவர்கள், முன்பே பாசிட்டிவ் ஆனவர்கள். இவர்கள் போதும். ஆட்டென்டர் மஞ்சப்பையில் கொண்டுவரும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். மெரோபெனம், கொலிஸ்டின் (கடைசிக் கட்ட ஆன்டிபயாடிக்) என்று அதில் இருந்தால் ஸ்வாப் எடுத்தே ஆக வேண்டும்.

கார்பபெனமுக்கு (மெரோபெனம் வகை மருந்து) அடங்காத கிளெப்சியெல்லா, ஈகோலை போன்ற குடல் கிருமிகளுக்கு ரெக்டல் (ஆசனவாய்) ஸ்வாப். ஆசனவாய்த் தசையைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. உள்ளே விட்டு, மெதுவாகச் சுழற்றி எடுங்கள். பஞ்சில் மலம் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளையாக வந்தால் அது ஸ்வாப்பே இல்லை, மறுபடி எடுக்க வேண்டும். பொய் நெகட்டிவ் அதிகம் வருவது இங்கேதான். வெள்ளணு மிகக் குறைந்தவர்களுக்கு உள்ளே விடாதீர்கள், மல சாம்பிள் போதும்.

எம்ஆர்எஸ்ஏவுக்கு (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் கிருமி) ஒரே ஸ்வாப்பால் இரண்டு மூக்குத் துவாரத்தின் முன்பகுதியும். புண், டிரக்கியாஸ்டமி துளை இருந்தால் அங்கிருந்தும். ஏமிஸ் மீடியத்தில் (சாம்பிளைக் கொண்டுபோகும் ஊடகம்) போட்டு அன்றே லேப்புக்கு அனுப்புங்கள்.

லேப் டெக்னீஷியன், ராயபுரம்:
குரோமோஜெனிக் பிளேட் (கிருமியை நிறத்தால் காட்டும் தட்டு) வாங்க வசதி இல்லையென்றால் பிராத் (திரவ ஊடகம்) முறை இருக்கிறது. 5 மி.லி. டிரிப்டிக் சோய் பிராத்தில் 10 மைக்ரோகிராம் மெரோபெனம் அல்லது எர்டாபெனம் டிஸ்க் ஒன்று. உடனே ஸ்வாப்பை அதில் கலக்கி, 35 டிகிரியில் ஓர் இரவு. மறுநாள் வோர்டெக்ஸ் (குலுக்கிக் கலக்கும் கருவி) செய்து 100 மைக்ரோலிட்டரை மெக்கான்கி தட்டில் பரப்புங்கள். இளஞ்சிவப்பு காலனி வந்தால் ஐடி (எந்தக் கிருமி), சென்சிடிவிட்டி (எந்த மருந்துக்கு அடங்கும்), பிறகு எம்சிஐஎம் (கார்பபெனமைச் சிதைக்கும் என்சைம் உண்டா என்ற சோதனை). ஆக, பாசிட்டிவ் உறுதியாக மூன்று நான்கு நாள் ஆகும். நெகட்டிவ் இரண்டாம் நாள் இரவு தாண்டித் தெரியும். ஐசியூவில் வரும் இன்னொரு கிருமியான அசினெட்டோபாக்டரை இந்த முறையில் நம்பிப் பிடிக்க முடியாது.

ஒவ்வொரு பேட்ச்சிலும் பாசிட்டிவ், நெகட்டிவ் கன்ட்ரோல் இரண்டும் ஓடணும். ஃப்ரிட்ஜ் கரண்ட் போய் வந்தால் டிஸ்க் வீரியம் குறையும், பிறகு எல்லாமே வளரும். மூக்கு ஸ்வாப்பில் ஆரியஸ் வந்தால் செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க் வையுங்கள், அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 21 மி.மீ. அல்லது குறைவு என்றால் எம்ஆர்எஸ்ஏ. இன்குபேட்டர் 35-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் தப்பிவிடும்.

பின்னாளில் ரேபிட் கிட் வாங்கினால் கார்பபெனமைச் சிதைக்கும் என்சைம்களான என்டிஎம், ஆக்ஸா-48 இரண்டையும் பிடிக்கிறதா என்று கேளுங்கள். நம் ஊரில் அவைதான் பெரும்பாலும். 2010-இல் என்டிஎம்-1 பற்றி வெளிவந்த பெரிய ஆய்விலேயே சென்னை சாம்பிள்கள் இருந்தன. கேபிசி என்ற இன்னொரு என்சைமை மட்டும் காட்டும் கிட் இங்கே பயன்படாது.

ஐசியூ இன்சார்ஜ், கொளத்தூர்:
ஸ்வாப் எடுக்கும் முன்பே படுக்கையை முடிவு செய்துவிடுங்கள், ரிசல்ட்டுக்குக் காத்திருந்தால் அதற்குள் பரவிவிடும். தனி அறையை வயிற்றுப்போக்கு இருப்பவருக்கோ கசியும் புண் இருப்பவருக்கோ கொடுங்கள். மற்றவர்களுக்கு ஐசியூவின் ஒரு ஓரம்: கையுறை, கவுன், அவருக்கென்றே பிபி கஃப், ஸ்டெத், தெர்மாமீட்டர். முடிந்தால் அந்தப் பக்கத்துக்கு ஒரே சிஸ்டர். பாசிட்டிவ் ஆனவர்களை ஒன்றாக வைக்கலாம், ரிசல்ட் வராதவர்களை அவர்களோடு சேர்க்கக் கூடாது.

கை கழுவும் சிங்க்கை எல்லாரும் மறக்கிறார்கள். உடம்பு துடைத்த தண்ணீர், மீதி டிரிப், சிறுநீர் எதையும் அதில் கொட்ட விடாதீர்கள். வளைகுழாயில் கிருமி படலமாக ஒட்டி, தண்ணீர் விழும்போது தெறிக்கும். ஊசி மருந்து கலக்கும் டிராலி அங்கிருந்து ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். தரை, பரப்புகளைத் துடைக்க ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) 5 சதவீதம் வாங்கினால் ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணீர், 1 சதவீதம் வரும். தினமும் புதிதாகக் கலக்கணும், கேனை வெயிலில் வைக்காதீர்கள்.

சிஸ்டர், தண்டையார்பேட்டை:
நன்றி. ரெக்டல் பாசிட்டிவ் என்றால் கொலிஸ்டின் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்யலாமா என்று டியூட்டி டாக்டர் கேட்கிறார்.

மைக்ரோபயாலஜி, பெரம்பூர்:
கூடாது. கிருமி தங்கியிருப்பது வேறு, நோயாக மாறுவது வேறு. காய்ச்சலும் செப்சிஸ் (உயிருக்கு ஆபத்தான தொற்று) அறிகுறியும் இல்லாதவருக்கு மருந்து கொடுத்தால் கொலிஸ்டினுக்கும் அடங்காததுதான் மிஞ்சும். ரிசல்ட்டைக் கேஸ் ஷீட்டின் முன்பக்கம் எழுதுங்கள், பிறகு செப்சிஸ் வந்தால் முதல் மருந்தைத் தேர்வு செய்ய உதவும். மூக்கில் எம்ஆர்எஸ்ஏ என்றால், அதுவும் பெரிய ஆபரேஷனுக்கு முன், மியூபிரோசின் களிம்பு 2 சதவீதம் மூக்கில் தினம் இரண்டு வேளை 5 நாள், கூடவே குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) குளியல். கண், காதில் படாமல்.

குடும்பத்தாரிடம் "உடம்பில் ஒரு கிருமி இருக்கு, இப்போ நோய் இல்லை, மத்தவங்களுக்குப் பரவாம இருக்கத்தான் கவுன்" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். பாசிட்டிவ் என்பதற்காக டயாலிசிஸையோ ஆபரேஷனையோ தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் ஆம்புலன்ஸ் கிளம்பும் முன் அங்கே போனில் சொல்லிவிடுங்கள், சம்மரியிலும் எழுதுங்கள்.