ஜேஇஇ மெயின்ல 129: ரேங்க் என்ன வரும்? ரெண்டு கால்குலேட்டர் ரெண்டு விதமாச் சொல்லுது

மேலூர் பையன்:
அண்ணே, அக்கா, யாராச்சும் சொல்லுங்க. என்ஐடி மாதிரி இன்ஜினியரிங் காலேஜுக்கான ஜேஇஇ மெயின் ஜனவரி தேர்வு எழுதினேன். நேத்து வந்த விடைக் கீயையும், நான் போட்ட விடைகள் இருக்கிற ரெஸ்பான்ஸ் ஷீட்டையும் வச்சுப் பார்த்தா 46 போட்டதுல 34 சரி, 12 தப்பு. தப்புல 5 நியூமெரிக்கல் (விடையா எண்ணைப் போடுற கேள்வி). அதுக்கு மைனஸ் இல்லைன்னு பெரியப்பா பையன் சொன்னான். ஆக 129. ஒரு கால்குலேட்டர் 60 ஆயிரம் ரேங்க்குங்குது, இன்னொண்ணு ஒன்றேகால் லட்சம்ங்குது. வேற ஷிப்ட்ல (வேற நேரம், வேற தாள்) எழுதுன ஃப்ரெண்டு 118தான், அவன் கோச்சிங்ல அவனுக்குத்தான் முந்தி வரும்னு சொல்றாங்களாம். மண்டை காயுது.

திருமங்கலம் அக்கா:
முதல்ல மார்க்கைச் சரி பண்ணு தம்பி. உங்க அண்ணன் 2021ல எழுதுனவனா? அந்த வருஷம் நியூமெரிக்கலுக்கு மைனஸ் இல்ல. 2022ல இருந்து அதுக்கும் உண்டு. 34ஐ நாலால பெருக்குனா 136, அதுல தப்புக்கு ஒண்ணுன்னு 12 கழிச்சா 124.

மேலூர் பையன்:
2021தான்க்கா! போச்சு 5 மார்க்.

கோரிப்பாளையம் டியூஷன் சார்:
ஃப்ரெண்டு கூட ஒப்பிடாதப்பா. பெர்சன்டைல் உன் ஷிப்டுக்குள்ள மட்டும் போடுற கணக்கு: அதுல எழுதுனவங்கள்ல நூத்துக்கு எத்தனை பேர் உன் மார்க்கோ அதுக்குக் கீழயோ இருக்காங்கங்கிறது. தாள் கஷ்டமா இருந்தா 118கூட உன் 124ஐத் தாண்டிரும். கால்குலேட்டர்காரன் எல்லா ஷிப்டையும் ஒரே அண்டாவுல கொட்டிக் கலக்குறான். கீ தப்புன்னு உறுதியாத் தெரிஞ்சா மட்டும் ஆட்சேபம் போடு, கேள்விக்கு 200 ரூபா, திரும்ப வராது. மத்தபடி ரிசல்ட் வரட்டும்.

மேலூர் பையன்:
சார், ரிசல்ட் வந்துருச்சு. 92.61! ஆனா ரேங்க்கே போடல. அப்பா டீக்கடைல உக்காந்து "பையன் 92 மார்க்"னு சொல்லிக்கிட்டிருக்காரு, எப்படித் திருத்துறதுன்னு தெரியல.

கோரிப்பாளையம் டியூஷன் சார்:
அப்பாவை விட்டுரு, சந்தோஷப்படட்டும். ரேங்க் ஏப்ரல் தேர்வுக்கு அப்புறம்தான், ரெண்டுல எது கூடுதலோ அதை வச்சு. உத்தேசமா வேணும்னா நூறுல இருந்து கழி: 7.39. 2025ல எழுதுனவங்க சுமார் 14.75 லட்சம். அதுல 7.39 சதவீதம்னா 1.09 லட்சம். இது பொது ரேங்க். ஓபிசி ரேங்க் தனி, அதைவிடச் சின்னதா வரும்.

திருமங்கலம் அக்கா:
நீ பிசியா தம்பி? ஐஐடிக்கான அடுத்த தேர்வு அட்வான்ஸ்டுக்கு 2025 கட்ஆஃப் பொதுப்பிரிவுக்கு 93.10, ஓபிசிக்கு 79.43. ஆனா நம்மூர் பிசி சர்டிஃபிகேட் அங்க செல்லாது. மத்திய அரசு ஓபிசி நான்-கிரீமி லேயர் (வருமான வரம்புக்குள்ள இருக்குற குடும்பத்துக்கானது) சர்டிஃபிகேட் தனியா வாங்கணும். என் தம்பி இது தெரியாம கடைசி நேரத்துல தாலுகா ஆபீசுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சான்.

கோரிப்பாளையம் டியூஷன் சார்:
பிளஸ் டூவையும் கோட்டை விட்டுராதப்பா. திருச்சி என்ஐடில பாதி சீட் நம்ம மாநிலத்துக்குன்னாலும், பிளஸ் டூல 75 சதவீதமோ போர்டுல முதல் 20 பெர்சன்டைலோ கேப்பாங்க. அண்ணா யுனிவர்சிட்டி, தியாகராஜர் காலேஜ் கவுன்சிலிங்குக்கு இந்த 92.61 எதுக்கும் ஆகாது. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, மொத்தம் 200க்குத்தான் கட்ஆஃப்.

மேலூர் பையன்:
பிசிதான்க்கா. நாளைக்கே ஈ-சேவைல ஓபிசி போட்டுரவா?

திருமங்கலம் அக்கா:
அவசரப்படாத. போன தடவை ஏப்ரல் 1க்கு அப்புறம் வாங்குனதைத்தான் கேட்டாங்க. இப்ப வாங்குனா மறுபடி வாங்கணும். அப்பாவோட வருமானப் பேப்பரை மட்டும் இப்பவே எடுத்து வை.