1955 ஃபோர்டு எஃப்-100: ஃபிரேமை மாற்றினால் டைட்டிலும் வின் எண்ணும் என்னவாகும்?

ஃப்ரீமான்ட் வாசி:

வணக்கம். கலிபோர்னியாவில் பதிவான 1955 ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-100 ட்ரக் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பிங்க் ஸ்லிப், அதாவது வண்டியின் உரிமைச் சான்றான டைட்டில், என் பெயருக்கு மாறிவிட்டது. அதிலுள்ள வின் எண்ணும் (வண்டியின் அடையாள எண்) க்ளோவ் பாக்ஸ் கதவின் உட்புறத் தகட்டில் உள்ள எண்ணும் ஒன்றே. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான ஃபிரேமிலும் எண் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக கேபினைத் தூக்கி, வலப்புற பீமின் மேல்முகத்தில் கெட்டிப்பட்டிருந்த கிரீஸையும் மண்ணையும் மரக்குச்சியால் சுரண்டி, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்த பிறகு எஃப்10 என்று தொடங்கும் வரிசை தெளிவாகத் தெரிந்தது. அதுவும் பொருந்துகிறது.

சிக்கல் பின்பகுதியில்தான். பின் ஸ்பிரிங் தாங்கிகளுக்கு மேலே ஃபிரேமைத் துரு தின்றுவிட்டது. சுத்தியலால் தட்டினால் செதில் செதிலாக உதிர்கிறது. ஃபிரேமையே மாற்றிவிடலாம் என்கிறார் பட்டறைக்காரர். ஒரு பண்ணையில் அதே காலத்து எஃப்-100 ஃபிரேம் ஒன்று விலைக்கு இருக்கிறது. அதில் வேறொரு எண் பொறிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் விற்பவரிடம் டைட்டில் இல்லை. அது வேண்டாமென்றால் 2003 க்குப் பிந்தைய க்ரவுன் விக்டோரியா காரின் ஃபிரேம்மேல் கேபினை ஏற்றிவிடலாமாம். எண் உள்ள துண்டைப் பழைய ஃபிரேமிலிருந்து வெட்டிப் புதியதில் பற்றவைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் அவர் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

சட்டப் பக்கம்:

உங்களுக்குப் பட்டதுதான் சரி. அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். பதிவுக்குப் பயன்படும் எண்ணை டிஎம்வி என்ற மாநில மோட்டார் வாகனத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்பதோடு, டிஎம்வி ஒதுக்காத எண் எதையும் வண்டியில் பொறிக்கவும் கூடாது என்று கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 10750 ஆம் பிரிவு சொல்கிறது. எண் அகற்றப்பட்ட அல்லது திருத்தப்பட்ட வண்டியைப் போலீஸ் பறிமுதல் செய்ய 10751 ஆம் பிரிவு இடம் தருகிறது. இவற்றுக்கு மேல் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18 ஆம் தலைப்பின் 511 ஆம் பிரிவு என்ற கூட்டாட்சிச் சட்டமும் உண்டு. தெரிந்தே எண்ணை அகற்றினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. பழுதுபார்ப்பதற்கு இன்றியமையாதபோது அகற்றுவதற்கும், மாநிலச் சட்டப்படி எண்ணை மீட்டமைப்பதற்கும் அதில் விலக்கு இருக்கிறது. ஆனால் "யாருக்கும் தெரியாது" என்ற எண்ணத்தோடு செய்யும் வெல்டிங்கை அந்த விலக்குக்குள் அடக்குவது கடினம்.

நேர்மையாக நடந்தவர்களே சிக்கியிருக்கிறார்கள். கான்சாஸில் 2017 இல் ஒரு 1959 கார்வெட் பறிமுதல் செய்யப்பட்டது. அந்தக் காரை மீட்டமைத்தபோது எண் தகட்டைக் கழற்றித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள் என்பதே பிரச்சினை. வாங்கியவருக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, 2022 இல் அந்த மாநிலச் சட்டமே திருத்தப்பட்டது. கழற்றி மாட்டிய தகட்டுக்கே அந்தப் பாடு.

எட்டு சிலிண்டர்:

க்ரவுன் விக்டோரியா யோசனையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பொறியியல் நோக்கில் அது நல்ல தேர்வு: 2003 முதல் அந்தக் காரின் முன்பகுதி ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கோடு வருகிறது, பிரேக்கும் பழைய ட்ரக்கோடு ஒப்பிடவே முடியாத தரம். காகித நோக்கில் அது வேறு வண்டியாகிவிடும். வாகனச் சட்டத்தின் 580 ஆம் பிரிவு, உதிரி பாகங்களை மாற்றித் தன் மூல வடிவமைப்புக்கே பழுதுபார்க்கப்பட்ட அல்லது மீட்டமைக்கப்பட்ட வண்டியைத் தனிக்கட்டுமான வாகனம் என்ற வகையிலிருந்து விலக்குகிறது. எஃப்-100 க்கு எஃப்-100 ஃபிரேம் என்றால் இந்த விலக்கைச் சொல்லி வாதாட இடமுண்டு. கார் ஃபிரேம்மேல் ட்ரக் கேபின் என்றால் மூல வடிவமைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த வகைக்குள் போனால் பதிவில் ஃபோர்டு என்ற தயாரிப்புப் பெயர் நிற்காது. ஃபிரேம், இன்ஜின், கியர்பாக்ஸ், உடல் ஒவ்வொன்றுக்கும் ரசீது காட்ட வேண்டும். ஹைவே பேட்ரோல் (மாநில நெடுஞ்சாலைப் போலீஸ்) அதிகாரி வண்டியை நேரில் பார்த்து, டிஎம்வி புதிய எண் தகடு தரும். ஆனால் அதைவிடப் பெரிய இழப்பு ஸ்மாக் என்ற புகைப் பரிசோதனையில்தான். 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு இங்கே அந்தப் பரிசோதனை கிடையாது. 1955 என்ற பதிவை இழந்தால் அந்தச் சலுகையும் கைவிட்டுப் போகும். எஸ்பி 100 என்ற சட்டத்தின் வழியாக அதைத் திரும்பப் பெறலாம், ஆனால் மாநிலம் முழுவதற்கும் ஆண்டுக்கு முதல் 500 வண்டிகளுக்கு மட்டுமே. ஜனவரி பிறந்த உடனேயே விண்ணப்பிக்க ஆட்கள் முந்திக்கொள்வது அதனால்தான்.

ஃப்ரீமான்ட் வாசி:

மிக்க நன்றி. க்ரவுன் விக்டோரியா வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பண்ணையில் உள்ள ஃபிரேமை வாங்கினால் அதிலுள்ள எண்ணை என்ன செய்வது? அதைக் கிரைண்டரால் தேய்த்து எடுப்பதும் குற்றம்தானே?

பழைய இரும்பு:

குற்றம்தான், ஐயா. அந்த எண் வேறொரு வண்டியின் அடையாளம். அந்த வண்டியின் டைட்டில் இன்னும் எங்கோ ஒருவர் பெயரில் உயிரோடு இருக்கலாம், திருட்டுப் புகாரும் இருக்கலாம். 1981 ஆம் ஆண்டு மாடலிலிருந்துதான் 17 இலக்க வின் எண் வந்தது என்பதால், இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான சோதனை வசதிகளில் உங்கள் எண்ணையோ அந்த ஃபிரேமின் எண்ணையோ உள்ளிடவே முடியாது. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்பே எண்ணைப் படமெடுத்து ஹைவே பேட்ரோலிடம் சரிபார்க்கச் சொல்லுங்கள். டைட்டில் இல்லாத விற்பவர் அதற்கு முகம் சுளித்தால் அங்கேயே விட்டுவிடலாம். எல்லாம் சரியாக இருந்து ஃபிரேமை முழுமையாக மாற்றினால், பழைய ஃபிரேமின் எண்ணும் புதியதின் எண்ணும் தெரியும் படங்களோடு டிஎம்வியிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். எந்த எண் நிலைக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். அதுவரை பழைய ஃபிரேமைக் காயலான் கடைக்குப் போட வேண்டாம்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முழு ஃபிரேம் தேவைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. துரு பின்புறத்தில், எண் முன்புறத்தில், நல்ல இரும்பில். இந்த ஃபிரேம் ஏணி வடிவில் சி சானலால் (சி எழுத்து வடிவ இரும்புச் சட்டத்தால்) ஆனது. கேபினுக்குப் பின்னால் வெட்டி, நல்ல பின்பாதியை ஒட்டவைக்கலாம். வெட்டு நேர்க்கோடாக இல்லாமல் சாய்வாக இருக்கட்டும், உட்புறம் வலுத்தகடு வையுங்கள், இரு பீம்களின் மூட்டுகளும் ஒரே கோட்டில் வர வேண்டாம். மூலைவிட்ட அளவுகளைச் சரிபார்க்காமல் முழு வெல்டிங் செய்யக்கூடாது. இது வெறும் பழுதுபார்ப்பு. எண் அதன் இடத்திலேயே தொடப்படாமல் இருக்கும், டைட்டிலில் எதுவும் மாறாது.

பண்ணைக்காரரிடம் பின்பாதியை மட்டும் கேளுங்கள். எண் உள்ள முன்பாதி அவரிடமே கிடக்கட்டும். அதன் எண்ணைக் குறிப்பிட்டு, "இந்த ஃபிரேமின் பின்பகுதி மட்டும்" என்று எழுதிய விற்பனை ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் மறுத்தால், ஃபிரேம் வேலை மட்டும் செய்பவரிடம் வண்டியை எடுத்துச் செல்லுங்கள். எண்ணை வெட்டி ஒட்டச் சொன்னவரிடம் இந்த வேலையை நான் கொடுக்க மாட்டேன்.