பிளான் பி-யில் இருக்கும் குழந்தை ஓஆர்எஸ் குடித்ததும் வாந்தி எடுக்கிறது: எப்படிக் கொடுப்பது, எப்போது ட்ரிப்ஸுக்கு மாறுவது?

இரவுப்பணி (கேள்வி)

8 மாதக் குழந்தை, எடை 7 கிலோ. தண்ணீராகப் போகிறது, கூடவே வாந்தி. கண் உள்வாங்கியிருக்கிறது, ஓயாத சிணுங்கல், கரண்டியைக் காட்டினாலே தாவி வந்து குடிக்கிறது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் படிகிறது. ஓரளவு நீரிழப்பு என்று சொல்லி டாக்டர் பிளான் பி (4 மணி நேரத்தில் ஓஆர்எஸ் கொடுத்து நீரிழப்பைச் சரிசெய்யும் திட்டம்) எழுதியிருக்கிறார். கிலோவுக்கு 75 மி.லி. கணக்கில் 525 மி.லி., 4 மணி நேரத்துக்குள்.

தாகத்தில் ஒரே மூச்சில் 60, 70 மி.லி. குடித்துவிடுகிறது, ஐந்து நிமிடத்தில் அவ்வளவும் வெளியே வந்துவிடுகிறது. வாந்தியில் போனதை எப்படி ஈடுகட்டுவது? எந்தக் கட்டத்தில் ஓஆர்எஸ்ஸை விட்டு ட்ரிப்ஸுக்குப் போக வேண்டும்? டயபரில் மலமும் சிறுநீரும் கலந்து வருகிறது, அவுட்புட்டை எப்படி எழுதுவது? மாணவிகளுக்கும் சொல்லித்தர வேண்டும், அதனால் காரணத்தோடு சொன்னால் நல்லது.

வார்டு_பொறுப்பு

சிஸ்டர், அளவு சரி. கொடுக்கும் வேகம்தான் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 525-ஐ 240 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 2 மி.லி. சொச்சம்தான் வருகிறது. 5 மி.லி. கரண்டியோ ஊசி கழற்றிய சிரிஞ்சோ எடுத்து 2 நிமிடத்துக்கு ஒரு முறை கொடுத்தால் மணிக்கு 150 மி.லி. உள்ளே போகும். தேவை மணிக்கு 131 மி.லி. தான். நடுவில் வாந்தி வந்து நிறுத்தினாலும், குழந்தை சற்றுத் தூங்கினாலும் ஈடுகட்ட அந்த மிச்சம் போதும். தாகத்தில் இருக்கும் குழந்தை கையைப் பிடித்து இழுக்கும், டம்ளரைக் கேட்டு அழும். அம்மாவுக்கு மனசு கேட்காது. "கண்ணு, இப்படிக் கொடுத்தால்தான் வயிற்றில் நிற்கும்" என்று அவரிடம் முதலிலேயே சொல்லி, சுவர்க் கடிகாரம் தெரிகிற இடத்தில் குழந்தையை மடியில் சாய்த்து உட்கார வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படுக்க வைத்துப் புகட்டக் கூடாது, புரையேறும். சிரிஞ்சை நாக்கின் மேல் நேராகப் பீச்சாமல் கன்னத்தின் உள்பக்கமாக விட வேண்டும்.

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்துங்கள். பிறகு இன்னும் மெதுவாக, 3 நிமிடத்துக்கு ஒரு கரண்டி. வெளியே வந்ததை மில்லி மில்லியாகக் கழிக்கத் தேவையில்லை. வாந்தி பார்வைக்கு நிறையத் தெரியும், ஆனால் அதற்குள் ஒரு பகுதி குடலுக்கு இறங்கியிருக்கும். சார்ட்டில் நேரம், தோராய அளவு, நிறம் மூன்றையும் எழுதுங்கள். நிறம் கட்டாயம். 525 என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. குழந்தை இன்னும் கேட்டால் கொடுக்கலாம், இமை வீங்கினால் ஓஆர்எஸ்ஸை நிறுத்திவிட்டுத் தாய்ப்பாலோ வெறும் தண்ணீரோ கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை இந்த 4 மணி நேரத்திலும் நிறுத்தக் கூடாது.

மணிக்கொரு முறை குழந்தையைப் பார்க்க வேண்டும், 4 மணி நேரம் முடிந்ததும் முழுசாக மறுபடி மதிப்பிட வேண்டும். தோலைக் கிள்ளும் முறையில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருகிறது. தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து, நகநுனி படாமல், மடிப்பு உடம்பின் நீளவாக்கில் வரும்படி, தோலையும் அதன் அடித்திசுவையும் சேர்த்துத் தூக்கி ஒரு நொடி பிடித்து விடுங்கள். உடனே படிந்தால் இயல்பு. மடிப்பு ஒரு கணமாவது கண்ணில் நின்றால் மெதுவு. 2 நொடிக்கு மேல் நின்றால் மிக மெதுவு, அது கடுமையான நீரிழப்பின் அறிகுறிகளில் ஒன்று.

ஒன்று கேட்க வேண்டும். 8 மாதத்துக்கு 7 கிலோ கொஞ்சம் குறைவு. புஜச் சுற்றளவு எடுத்தீர்களா? 11.5 செ.மீ.க்குக் கீழே இருந்தாலோ, இரு பாதத்திலும் அமுக்கினால் குழி விழுகிற வீக்கம் இருந்தாலோ இந்தக் கணக்கு முழுதும் மாறும். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தையின் இதயம் இந்த வேகத்தைத் தாங்காது. அவர்களுக்கு ரீசோமால் (அவர்களுக்கென்றே உள்ள ஓஆர்எஸ் வகை), முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொரு முறை கிலோவுக்கு 5 மி.லி. மட்டும். நிமிடத்துக்கு நாடித்துடிப்பு 25, மூச்சு 5 என்று கூடி அப்படியே நின்றால் உடனே நிறுத்த வேண்டும். அவர்களிடம் தோல் சோதனையையும் நம்ப முடியாது. கொழுப்பு கரைந்த தோல், நீரிழப்பு இல்லாவிட்டாலும் மெதுவாகத்தான் படியும்.

இரவுப்பணி

நன்றி சிஸ்டர். புஜச் சுற்றளவு 12.8 செ.மீ., பாதத்தில் வீக்கம் இல்லை. சிரிஞ்சில் தொடங்கிவிட்டோம். அம்மா வீட்டிலேயே ஓஆர்எஸ் கலக்கிக் கொடுத்ததாகச் சொல்கிறார், ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளர் தண்ணீரில். அதனால் ஏதாவது கெடுதல் உண்டா?

திரவக்கணக்கு

உண்டு, அதை இப்போதே டாக்டரிடம் சொல்லுங்கள். 1 லிட்டர் பாக்கெட்டில் 20.5 கிராம் இருக்கும்: உப்பு 2.6, குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. சரியாகக் கலந்தால் லிட்டருக்கு சோடியம் 75 மில்லிமோல், மொத்த ஆஸ்மோலாரிட்டி (கரைந்த பொருட்களின் மொத்தச் செறிவு) 245. அதே பாக்கெட்டை 200 மி.லி.யில் கரைத்தால் எல்லாமே ஐந்து மடங்கு. 200 மி.லி.க்கு என்றே தயாரித்த சின்னப் பாக்கெட்டுகளும் வருகின்றன, எனவே அம்மா எதை வாங்கினார் என்று உறையைப் பார்த்துத்தான் முடிவுக்கு வர முடியும். பெரிய பாக்கெட்டாக இருந்தால் சீரம் சோடியம் (ரத்தத்தில் சோடியத்தின் அளவு) அவசியம் பார்க்க வேண்டும்.

சோடியம் ஏறிய குழந்தை ஏமாற்றிவிடும். நீர் செல்லுக்குள்ளிருந்து ரத்தத்துக்கு வந்துவிடுவதால் நாடியும் தோலும் ஓரளவு நன்றாகவே தெரியும், தோல் மட்டும் பிசைந்த மாவு போலத் தொட வரும். கீச்சென்ற அழுகை, அளவு மீறிய எரிச்சல், தசை விறைப்பு இருக்கிறதா பாருங்கள். அப்படி இருந்தால் திருத்தத்தை 48 மணி நேரத்துக்குப் பரப்புவார்கள், சோடியம் மணிக்கு 0.5 மில்லிமோலுக்கு மேல் இறங்கக் கூடாது. வேகமாக இறங்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும்.

சர்க்கரை சேர்த்து இனிப்பாக்குவதும், பழச்சாறு, சோடா கொடுப்பதும் வேறொரு வழியில் கெடுக்கும். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாகத்தான் உள்ளே போகும், அவற்றின் பின்னால் தண்ணீர் போகும். குளுக்கோஸ் மிஞ்சினால் அது குடலிலேயே தங்கித் தண்ணீரை உள்ளேயிருந்து இழுக்கும், போக்கு கூடும். கலக்கிய ஓஆர்எஸ் 24 மணி நேரத்துக்கு மேல் ஆனால் கொட்டிவிட வேண்டும்.

ட்ரிப்ஸுக்கு எப்போது என்று கேட்டீர்கள். "மூன்று வாந்தி எடுத்தால்" என்பது மாதிரி எண்ணிக்கை வைக்காதீர்கள். வாந்தி எடுத்தும் நாடி, விழிப்பு, சிறுநீர் தேறிக்கொண்டு வந்தால் வாய்வழியே தொடரலாம். மெதுவாகக் கொடுத்தும் தேறாவிட்டால் அடுத்த படி ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாய்), பலர் இதைத் தாண்டி நேரே ட்ரிப்ஸுக்குப் போய்விடுகிறார்கள். டியூப் வழியே கிலோவுக்கு மணிக்கு 20 மி.லி., இந்தக் குழந்தைக்கு 140 மி.லி. அளவெடுக்கும்போது மூக்கு நுனியிலிருந்து காது மடல், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ்முனைக்கும் தொப்புளுக்கும் நடுப்புள்ளி. உள்ளே போனதும் உறிஞ்சிய நீரைப் பி.எச். தாளில் பாருங்கள், 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். காற்றை அடித்து ஸ்டெத்தில் சத்தம் கேட்பதை நம்பி ஓட்டவே கூடாது. டியூப் நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வயிற்றுப் பக்கம் கேட்கும். பி.எச். சந்தேகமாக இருந்தால் எக்ஸ்ரே.

வயிறு உப்பிக்கொண்டே வந்து குடல் சத்தமும் இல்லையென்றால் டியூபிலும் நிறுத்துங்கள். பொட்டாசியம் குறைந்து குடல் அசைவு நின்றிருக்கலாம். குழந்தை மயங்கினாலோ, குடிக்கும் தெம்பு போனாலோ, கை கால் சில்லிட்டு நாடி மெலிந்தாலோ பிளான் சி, அதாவது கடும் நீரிழப்புக்கு ட்ரிப்ஸ். ரிங்கர் லாக்டேட் கிலோவுக்கு 100 மி.லி., ஒரு வயதுக்குள் என்பதால் முதல் ஒரு மணியில் 30, அடுத்த 5 மணியில் 70. உங்கள் குழந்தைக்கு 210, பிறகு 490. முதல் பகுதி முடிந்தும் மணிக்கட்டு நாடி மெலிவாகவே இருந்தால் அந்த 210-ஐ ஒரு முறை திரும்பக் கொடுப்பார்கள். மைக்ரோ செட்டில் (சின்னச் சொட்டு விழும் ட்ரிப்ஸ் குழாய்) மணிக்கு எத்தனை மி.லி.யோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு, ஆக 5 மணியில் 490 என்றால் மணிக்கு 98 மி.லி., நிமிடத்துக்கு 98 சொட்டு. பாட்டிலை நேரே மாட்டாமல் ப்யூரெட்டில் (அளவுக்கோடு போட்ட இடைக்குப்பி) ஒரு மணி நேரத்துக்கு உரியதை மட்டும் நிரப்புங்கள். கிளாம்ப் நழுவினாலும் அதற்கு மேல் உள்ளே போகாது. பொட்டாசியத்தைச் சிறுநீர் வந்தது உறுதியான பின்தான் சேர்ப்பார்கள், அதைச் சிரிஞ்சில் நேரே ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

வாந்தியை அடக்கும் ஆன்டன்செட்ரான் ஒரே ஒரு டோஸ் டாக்டர் எழுதலாம். அது ஓஆர்எஸ் வயிற்றில் நிற்க உதவும், போக்கைச் சற்றுக் கூட்டவும் செய்யும். போக்கை நிறுத்தும் லோபெரமைடு இந்த வயதில் வேண்டவே வேண்டாம். குடலை முடக்கி, உயிருக்கே ஆபத்தாகும்.

அறுவைப்பிரிவு_தாதி

வாந்தியின் நிறத்தை எழுதச் சொன்னது நல்லது. அது பச்சையாக மாறினால் இந்தத் திட்டம் எல்லாம் அங்கேயே நிற்கும்.

பச்சை என்றால் இரைப்பைக்குக் கீழே எங்கோ அடைப்பு என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். பிறந்து சில வாரக் குழந்தையாக இருந்தால் குடல் முறுக்கு இல்லை என்று நிரூபிக்கும் வரை அது குடல் முறுக்குதான், சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். உங்கள் குழந்தையின் வயதில் நான் முதலில் நினைப்பது குடல் சொருகல், அதாவது குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்வது. திடீரென வீறிட்டு அழுது காலை வயிற்றோடு மடக்கும், ஓரிரு நிமிடத்தில் அடங்கி வெளிறிச் சோர்ந்து கிடக்கும், கால் மணி, அரை மணி கழித்து மறுபடி. அந்த இடைவெளியில் குழந்தை அமைதியாக இருப்பதைப் பார்த்து "தூங்கிவிட்டது" என்று எழுதிவிடுவோம், அங்கேதான் தவறுகிறது. ரத்தமும் சளியும் கலந்த செந்நிற ஜெல்லி போன்ற மலம் பெரும்பாலும் பிந்தித்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. தொடக்கத்தில் தண்ணீராகக்கூடப் போகும். அதனால் வயிற்றுப்போக்கு என்றே வார்டுக்கு வந்து சேரும்.

சந்தேகம் வந்ததும் வாய்வழி எல்லாம் நிறுத்தி, ரைல்ஸ் டியூப் போட்டு முனையைத் திறந்து கீழே தொங்க விடுங்கள், ஐவி லைன் போடுங்கள், அறுவை மருத்துவரைக் கூப்பிடுங்கள். வயிற்றுச் சுற்றளவு எடுப்பவர் மாறினாலும் இடம் மாறாமலிருக்க, தொப்புள் மட்டத்தில் இருபக்கமும் பேனாவால் கோடு போட்டு அதே கோட்டில் எடுக்க வேண்டும். டியூபில் வந்ததை அளந்து, டாக்டர் சொல்லும் திரவத்தால் அதே அளவு ஈடு செய்வது வழக்கம். காற்று எனிமாவுக்கு (ஆசனவாய் வழியே காற்றைச் செலுத்திச் சொருகலை விடுவிப்பது) கிளம்பும் முன் சாதாரண மலம் போனால் உடனே சொல்லுங்கள், சொருகல் தானாக விடுபட்டிருக்கலாம். எனிமாவில் சரியானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குத் திரும்ப வரும், முதல் இரண்டு நாள்தான் அதிகக் கவனம்.

2 முதல் 8 வாரக் குழந்தை பச்சை இல்லாத வாந்தியைப் பீறிட்டு அடித்து, உடனே மறுபடி பசித்து அழுதால் அது வேறு கதை, இரைப்பை வாய்ச் சுருக்கம். அங்கே குளோரைடையும் பொட்டாசியத்தையும் சரிசெய்யாமல் அறுவைக்கு அனுப்பக் கூடாது. ரத்தம் காரத்தன்மையில் இருக்கும்போது மயக்க மருந்து கொடுத்தால் பிறகு மூச்சு அடங்கும் ஆபத்து இருக்கிறது.

வார்டு_பொறுப்பு

டயபர் கேள்வி விட்டுப்போயிற்று. காய்ந்த டயபரின் எடையை அதன் மேலேயே எழுதி வையுங்கள். நனைந்ததும் எடை போட்டுக் கழித்தால் 1 கிராம் 1 மி.லி. உடனே எடை போட வேண்டும், விட்டுவைத்தால் ஆவியாகிக் குறையும். கலந்திருந்தால் ஊகித்துப் பிரிக்காமல் "மலம், சிறுநீர் கலந்தது, 85" என்று ஒரே எண்ணாக எழுதுங்கள். சிறுநீரைத் தனியாக அறிந்தே ஆக வேண்டுமென்றால் ஒட்டும் சிறுநீர்ப் பை போடலாம், ஆனால் ஆசனவாய்ப் பக்கத் தோல் புண்ணாகியிருந்தால் அதுவும் ஒட்டாது. சிறுநீருக்கான இலக்கு, கிலோவுக்கு மணிக்கு 1 மி.லி., இந்தக் குழந்தைக்கு மணிக்கு 7 மி.லி. எல்லாவற்றையும்விட நம்பகமானது உடல் எடை: ஒரே தராசு, துணியில்லாமல், 4 மணி நேரத்துக்கு முன்னும் பின்னும்.

அடிப்பக்கத் தோலைத் தண்ணீரில் கழுவி ஒற்றி எடுத்து, துத்தநாக ஆக்சைடு களிம்பைத் தடிமனாகப் பூசுங்கள். அடுத்த முறை மேல் அழுக்கை மட்டும் துடைத்தால் போதும், களிம்பு முழுவதையும் தேய்த்து எடுத்தால் தோலும் சேர்ந்து உரியும். தொடை மடிப்புக்குள் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை, வேறு மருந்து வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்க வேண்டாம், அக்குளில் பாருங்கள். டயபர் மாற்றியபின் கையைச் சோப்பும் தண்ணீரும் போட்டே கழுவுங்கள். ஆல்கஹால் திரவம் நோரோவைரஸ் போன்றவற்றுக்குப் போதாது.

இரவுப்பணி

டாக்டரிடம் சொல்லிவிட்டேன், சோடியத்துக்கு ரத்தம் போயிருக்கிறது. வாந்தியில் பச்சை இல்லை, வயிறு மென்மையாக இருக்கிறது. துத்தநாகம் எப்போது தொடங்கலாம்?

திரவக்கணக்கு

வாந்தி கொஞ்சம் அடங்கி, வாயில் கொடுப்பது நிற்க ஆரம்பித்ததும் தொடங்கலாம். 6 மாதத்துக்கு மேல் என்பதால் நாளுக்கு 20 மி.கி., ஒரு வேளை, 10 முதல் 14 நாள். 6 மாதத்துக்குள் என்றால் 10 மி.கி. கரையும் மாத்திரையைக் கரண்டியில் பீச்சிய தாய்ப்பாலிலோ ஓஆர்எஸ்ஸிலோ கரைத்துக் கொடுக்கலாம். போக்கு நின்றதும் அம்மாக்கள் மாத்திரையையும் நிறுத்திவிடுவார்கள். அடுத்த சில மாதங்களில் மறுபடி வராமலிருக்க உதவுவதும் இந்த மாத்திரைதான் என்று முதல் மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். 4 மணி நேர மதிப்பீட்டில் நீரிழப்பு தீர்ந்திருந்தால் பிளான் ஏ-க்கு (நீரிழப்பு இல்லாத குழந்தைக்கான திட்டம்) மாறலாம், ஒவ்வொரு தண்ணீர்ப் போக்குக்கும் 50 முதல் 100 மி.லி., அதே கரண்டி, அதே வேகம்.