சாம்பர் ஏரியில் மாடல் ஷூட்: போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

டெல்லித் தமிழ் போட்டோகிராபர்களுக்கு வணக்கம். நான் மயூர் விஹாரில் இருக்கிறேன். கைத்தறிப் புடவைகளுக்கான ஷூட்டுக்கு ஜனவரியில் ராஜஸ்தான் போகிறோம். முதலில் சாம்பர் ஏரி, அப்புறம் ஜெய்சல்மேர் பக்கம் சம் மணல்மேடுகள்.

சாம்பர் உப்பு ஏரி. தண்ணீர் வற்றிய இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். கேமரா மீட்டர் அந்த வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும்) கூட்டி எடுக்க நினைத்திருக்கிறேன். என் கவலையெல்லாம் முகங்களைப் பற்றித்தான். மாடல்கள் இருவரும் நல்ல கறுப்பு. பின்னணியின் வெளிச்சத்தில் முகம் இருண்டுவிடக் கூடாது. பிறகு எடிட்டிங்கில் வெளுப்பாக்கவும் மாட்டேன். அந்த நிறம் அப்படியே மின்ன வேண்டும். உப்புத் தரையே கீழிருந்து ஒளியைத் திருப்பி அனுப்புமே, அது போதுமா? இல்லை, ஒளியைக் குறைக்கும் என்டி ஃபில்டரை லென்ஸில் போட்டு ஃபிளாஷ் அடிப்பது நல்லதா?

சம் பக்கம் காற்றில் சாஃப்ட்பாக்ஸ் (ஃபிளாஷ் ஒளியை மென்மையாக்கும் துணிப் பெட்டி) நிற்குமா? மணல் புகுந்துவிடும் என்று லென்ஸ் மாற்றாமல், இரண்டு கேமரா பாடியில் இரண்டு லென்ஸ் போட்டே கொண்டு போகிறேன்.

இன்னொன்று முக்கியம். சாம்பர் 1990 முதல் ராம்சர் தலம், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அவற்றைக் கலைக்காமல், கால் புதையாத தரையாக எந்தப் பக்கம் கிடைக்கும்? அனுமதி யாரிடம் கேட்க வேண்டும்? பெண்கள் உடை மாற்ற அருகில் பாதுகாப்பான இடம் உண்டா, கூடாரம் எடுத்துப் போகவா?

தெரிந்தவர்கள் தயவுசெய்து இங்கேயே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும்.