கிரில் பத்த வைக்கும்போது ‘டப்’னு வெடிக்குது, அவசரம்!

புகைமூட்டம்: சாயங்காலம் ஆளுங்க வராங்க. கிரில் உடனே பிடிக்க மாட்டேங்குது, கொஞ்ச நேரம் கழிச்சு ‘டப்’னு சத்தத்தோட பத்திக்குது. கையில முடியெல்லாம் கருகிடுச்சு. எரிஞ்சாலும் தீ சின்னதா, மஞ்சளா இருக்கு. போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. என்ன பண்ணலாம்?

நீலச்சுடர்: முதல்ல கைக்கு ஒண்ணும் ஆகலையே? கேஸ் கிரில்தானே? பத்த வைக்கும்போது மூடி திறந்திருந்துச்சா? கிரில் எங்க நிக்குது?

மழைக்காகம்: போன வருஷத்துக்கு அப்புறம் இப்பதான் எடுக்குறீங்களா? கேஸ் வாடை வருதா?

திருகாணி: ரெகுலேட்டர்தான். நாப் திறந்திருக்கும்போது சிலிண்டரைச் சட்டுனு முழுசாத் திறந்தா, கசிவுன்னு நினைச்சு அது கேஸைக் குறைச்சிடும். எல்லாத்தையும் மூடி, ரெகுலேட்டரைக் கழட்டி மாட்டி, சிலிண்டரை மெதுவாத் திறங்க. எனக்கு ரெண்டு தடவை இதுவேதான்.

நீலச்சுடர்: தீ சின்னதாகுறதுக்கு அது சரி. ஆனா மஞ்சளா எரியுதுன்னா காத்து சரியாக் கலக்கல. பர்னர் குழாய்க்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்கலாம். சும்மா கிடந்த கிரில்ல அடிக்கடி நடக்கும். குழாய் அடைச்சா கேஸ் பின்பக்கமா வழிஞ்சு நாப் பக்கமே தீப்பிடிக்கும். சிலிண்டரை மூடிட்டு, பர்னரைக் கழட்டி, நீளமான பிரஷ் விட்டுப் பாருங்க.

மூத்தகை: இதே கேள்விக்கு எத்தனை தடவைதான் பதில் சொல்றது. கூட வந்த கையேட்டைப் பிரிச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டீங்க. மூடியைத் திறந்து வச்சுத்தான் பத்த வைக்கணும், பிடிக்கலைன்னா நாப்பை மூடிட்டு 5 நிமிஷம் காத்திருக்கணும். இது தெரியாதவங்க கிரில் பக்கமே போகக் கூடாது.

மழைக்காகம்: சொன்னது சரி, சொன்ன விதம் சரியில்லை. பயந்து போய் கேக்குறவரை விரட்டினா அடுத்த தடவை கேக்காமலே பத்த வைப்பார்.

கரிப்பிரியன்: கேஸே வேண்டாங்க, கரிக்கு மாறிடுங்க. வெடிக்கிற வேலையே இல்ல. மழை வந்தா கார் ஷெட்டுக்குள்ள தள்ளிக்கிட்டு கதவைத் திறந்து வச்சிடுவேன்.

நீலச்சுடர்: ஐயோ, அதைச் செய்யாதீங்க. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும், அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. கதவு திறந்திருந்தாலும் தேங்கும். தலைவலி, தலைசுத்தல்னு ஆரம்பிச்சு, என்னன்னு புரியுறதுக்குள்ள மயக்கம் வந்துடும்.

கரிப்பிரியன்: பல வருஷமாச் செய்றேன், ஒண்ணும் ஆகல. புகை போனதுக்கு அப்புறம் கனல்தானே இருக்கு.

நீலச்சுடர்: புகையே இல்லாத கனல்லயும் அது வரும். இதுவரைக்கும் ஆகலைங்கிறதை நம்பி குழந்தைகளைப் பக்கத்துல நிக்க வைக்காதீங்க.

மழைக்காகம்: கரி சாம்பலும் லேசுப்பட்டதில்ல. ஆறிடுச்சுன்னு மறுநாள் காலையில பிளாஸ்டிக் தொட்டியில கொட்டினேன், மதியத்துக்குள்ள தொட்டி உருகி, பக்கத்து வேலி கருகிடுச்சு. இப்பெல்லாம் தண்ணி ஊத்திக் கிளறி, மூடி போட்ட இரும்பு வாளியிலதான் போடுறேன்.

மூத்தகை: இங்க பேச்சு கேஸ் கிரில்லைப் பத்தி. கேட்டவர் எங்கே?

புகைமூட்டம்: மன்னிக்கணும், கிரிலோடதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன். கேஸ் கிரில்தான். தூறல்னு ஷெட்டுக்குள்ள வச்சிருந்தேன், மூடியும் மூடித்தான் இருந்துச்சு. இப்ப வெளிய கொண்டு வந்துட்டேன். பர்னர் குழாய்ல பஞ்சு மாதிரி வலை! எடுத்ததும் தீ நீலமா வருது. கசிவு இருக்கான்னு சோப்புத் தண்ணி தடவினப்ப கேஸ் டியூப் நடுவுல ஒரு இடத்துல குமிழி விட்டுச்சு, டேப் சுத்திட்டேன். ஆளுங்க வந்தாச்சு, எல்லாருக்கும் நன்றி.

நீலச்சுடர்: டேப் வேண்டாம்! இப்பவே சிலிண்டரை மூடுங்க. விரிசல் விட்ட டியூபை டேப் தாங்காது, மாத்தத்தான் வேணும். கேஸ் காத்தை விடக் கனம், கிரிலுக்கு அடியிலேயே தங்கும்.

திருகாணி: ரெகுலேட்டர்னு அடிச்சுச் சொன்னது என் தப்பு. நீலச்சுடர் சொல்றதைக் கேளுங்க, இன்னைக்குப் பத்த வைக்காதீங்க.

மூத்தகை: அப்போ கடுமையாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க. சிலிண்டரை மூடிட்டீங்களா? ஒரு வார்த்தை போடுங்க.

மழைக்காகம்: இருக்கீங்களா?

நீலச்சுடர்: ரெண்டு மணி நேரமாச்சு. பார்த்ததும் பதில் போடுங்க.

புகைமூட்டம்: (மறுநாள்) பார்த்ததுமே மூடிட்டேன். வீட்டுக்குள்ள அடுப்புலயே சமைச்சுச் சாப்பிட்டோம். டியூப் மாத்தின அப்புறம்தான் இனி.